சூடு ஆறும்வரை

ஏப்ரல் 6, திங்கள்

ஈஸ்டர் விடுமுறை முடிந்து இன்று காலை ஆலையைத் திறந்தோம். பம்ப்பை ஓட விட்டுக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பின்பக்கம் ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், உயரழுத்தக் குழாயில் ஒரு வெல்டிங் இணைப்பு பிளந்து கடல்நீர் ஊசியாகச் சீறிக்கொண்டிருந்தது. அருகில் நின்ற வெல்டர் சூசைமரியானின் தோளில் பட்டு, ஆளையே சுவரோடு தள்ளிவிட்டிருந்தது. சட்டை கிழிந்து தோள் கன்றிப்போயிற்று. எலும்புக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முகத்தில் பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

இனி எழுதி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். யார் என்ன சொன்னார்கள் என்று பின்னால் கேள்வி வரும். என் ஞாபகத்தை மட்டும் நம்ப முடியாது.

சிப்பித்துறையில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். அதனால் கடல்நீரைக் குடிநீராக்கும் சின்ன ஆலை ஒன்றை எங்கள் கம்பெனி கட்டி டிசம்பரில் திறந்தது. அதைப் பார்த்துக்கொள்ள இங்கேயே தங்கியிருக்கும் இன்ஜினியர் நான். ஊருக்கு நான் 'தண்ணி மேடம்'. உலகம்மை என்ற என் பெயர் இங்கே தெரிந்தது, மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் பிலோமி அக்காவுக்கு மட்டும்தான்.

சாயங்காலம் அவர் கேட்டார். "எங்க அம்மை சீராக் குடுத்த எவர்சில்வர் கொடம் இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. ஒங்க எவர்சில்வர் பைப்பு நாலு மாசத்துல வாயப் பொளந்துட்டே, பிள்ள?"

உங்கள் குடத்துக்குள் யாரும் கடலைப் பிடித்து அமுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, புதன்

சென்னையிலிருந்து மேலாளர் வரதன் சார் போனில் சொன்னார். "அதுக்கு மேலேயே இன்னொரு கோட் வெல்டிங் போடச் சொல்லுங்க. ரெண்டு மணி நேர வேலை. இதுக்குப் போய் ஆலையை நிறுத்தி வெக்காதீங்க."

சூசை அண்ணாச்சி வலிக்கிற தோளோடு வந்து போட்டார். பம்ப் மதியம்வரை ஓடியது. பிறகு பழைய பிளவை ஒட்டியே புதிதாக ஒன்று விட்டது. தேய்த்துவிட்டு மறுபடியும் போட்டார். மறுபடியும் விட்டது. மூன்றாவது தடவை வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுத்தவர் கீழே வைத்துவிட்டார்.

"சூடு காட்டக் காட்ட மோசமாப் போவுது மேடம். நான் கைய வைக்க மாட்டேன்."

குனிந்து பார்த்தேன். வெல்டிங் போட்ட வரி அப்படியே இருக்கிறது. பிளவு எல்லாம் அதை ஒட்டி, குழாயின் மேல்தான். ஒட்டுப்போட்ட இடம் நன்றாக இருக்க, ஒட்டுக்குப் பக்கத்தில் துணி கிழிவது போல. கல்லூரியில் படித்தது ஏதோ நினைவுக்கு வருகிறது, முழுதாக வரவில்லை.

பம்ப்பை நிறுத்தி மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டேன். அந்த இணைப்பை மட்டும் அறுத்து எடுத்து வைத்திருக்கிறேன். நாளையிலிருந்து ஊருக்கு லாரித் தண்ணீர்.

ஏப்ரல் 11, சனி

தூத்துக்குடியில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் உலோகச் சோதனைக்கூடம் இருக்கிறது. பொறுப்பாளர் ஞானதுரை. நாற்பது வயதிருக்கும். சனிக்கிழமை அரை நாள்தான், இருந்தும் எனக்காகத் திறந்து வைத்திருந்தார். நான் கொண்டுபோன துண்டை வெட்டி, உப்புத்தாள் மாற்றி உப்புத்தாள் வைத்துக் கண்ணாடி போலாகும்வரை தேய்த்தார். இவ்வளவு பொறுமையாகத் தேய்க்கிற ஆளை நான் பார்த்ததில்லை. பிறகு அமிலம் தடவிக் கழுவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

முதலில் வெல்டிங் படாத இடம். பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி, வரி வரியாக, கடற்கரையில் அலை இழுத்துப்போட்ட மணல் மாதிரி இருந்தது.

"இது டூப்ளெக்ஸ் எஃகு. உள்ள ரெண்டு வகைப் படிகம் கலந்துருக்கு. பழுப்பு ஒரு வகை, வெள்ளை ஒரு வகை. ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. ஒண்ணு உறுதிக்கு, ஒண்ணு வளைஞ்சு கொடுக்க. ரெண்டும் சேந்து இருக்கப் போய்த்தான் கடல் தண்ணிய தாங்குது."

பிறகு பிளவின் பக்கம் நகர்த்தினார். பழுப்பும் வெள்ளையும் சந்திக்கிற ஓரமெல்லாம் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பிளவு அந்தப் பொடியைத் தொட்டுத் தொட்டே ஓடியிருந்தது.

"இது வரவே கூடாது மேடம். எழுநூறு எண்ணூறு டிகிரி சூட்டுல ரொம்ப நேரம் கெடந்தா இந்தப் பொடி வளரும். கண்ணாடி மாதிரி கெட்டி. அதனால வளையாது, ஒடையும். அதோட சுத்தி இருக்கற குரோமியத்தையும் உறிஞ்சிரும். குரோமியம் கொறைஞ்ச எடத்த உப்புத் தண்ணி சும்மா விடுமா?"

அப்படியானால் நாங்கள் ரிப்பேர் என்ற பெயரில் போட்ட ஒவ்வொரு சூடும் அந்தப் பொடியை வளர்த்திருக்கிறது. இதை நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"நீங்க நிறுத்திட்டு வந்துட்டீங்கள்லா. அதுவே பெருசு" என்றார்.

மதியம் கேன்டீனில் சாப்பிட்டோம். தனியாகத்தான் சமைத்துக்கொள்கிறாராம். சாம்பார் மட்டும் வைக்க வராதாம். இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தென்காசியிலிருந்து அம்மா போன். விவாகரத்தாகி ஆறு வருஷம் ஆயிற்று, இன்னும் எத்தனை நாளைக்கு ஒண்டியாக என்று வழக்கமான பேச்சு. வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. அறிக்கையை அனுப்பினேன். உடனே வரதன் சார் கூப்பிட்டார்.

"வெல்டர் தப்புன்னு ஒரு வரி எழுதுங்க. அவரை மாத்திட்டு வேற ஆள் அனுப்பறேன்."

"அவர் தப்பு இல்ல சார். திறப்பு விழாத் தேதி சொல்லி எல்லா இணைப்பையும் ஒரே வாரத்துல முடிக்கச் சொன்னோம். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவுல குழாய் ஆறணும். அதுக்கு நேரமே குடுக்கல. எந்தச் சூட்டுல போடணும்னு நாமளும் எழுதிக் குடுக்கல."

"அப்ப எல்லா இணைப்பையும் சந்தேகப்படறீங்களா?"

"ஆமா சார். எல்லாத்தையும் வெட்டிட்டுப் புதுசாப் போடணும்."

பிறகு, "உலகம்மை, குஜராத் சைட்ல ஆள் கேக்கறாங்க. யோசிச்சு வைங்க" என்றார்.

ஏப்ரல் 16, வியாழன்

லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. காலையில் தெருவில் குடங்களின் வரிசை சர்ச் வரைக்கும் போயிற்று. நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பேச்சு அப்படியே நின்றது. பிலோமி அக்காவும் அந்த வரிசையில்தான் இருந்தார். இடுப்பு வலிக்காரர்.

சாயங்காலம் நான் திரும்பி வந்ததும் கேட்டார். "மெசினு ஓடுற நெலமையிலதான் இருக்காம். நீதான் பூட்டுப் போட்டு வச்சிருக்கியாமே?"

"வெட்டுன எடத்த ஒட்டி ஓட்டுனாலும் வேற எடத்துல வெடிக்கும் அக்கா."

"வெடிச்சா ஒட்டிக்கிட வேண்டியதான? பிள்ளைங்க குளிக்காம கெடக்கு." படியிறங்கிப் போய்விட்டார். தினமும் அவர் அனுப்பும் இரவுச் சாப்பாடு வரவில்லை. மாடிக்கு அனுப்ப மறந்திருப்பார்.

சூசை அண்ணாச்சிக்குச் சென்னைப் பேச்சு எப்படியோ தெரிந்திருக்கிறது. காலையில் நான் போனபோது ஆலை வாசலில் காத்திருந்தார்.

"பன்னெண்டு வருசம் வள்ளத்துல போனேன் மேடம். வல இழுத்து இழுத்து முதுகு போச்சு. அப்புறந்தான் இந்தத் தொழில். என் சர்டிபிகேட்ட பிடுங்கிட்டாவன்னா மறுபடி வள்ளத்துல ஏற ஒடம்பு கேக்காது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் கை சரியில்லையா?"

"கை சரிதான் அண்ணாச்சி. சூடுதான் சரியில்ல."

"அப்ப சரியான சூடு எதுன்னு சொல்லுங்க. போட்டுக் காட்டுதேன்."

சொல்லத் தெரிந்தால் சொல்லியிருப்பேன். ஒரு குழாய் மிச்சம் இருக்கிறது. அதைத் துண்டு துண்டாக்கி ஒட்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

ஏப்ரல் 20, திங்கள்

சூடு அதிகமானால் கெடுதி. அப்படியானால் குறைத்தால் போதும். கரண்ட்டைக் கிட்டத்தட்டப் பாதியாக இறக்கச் சொன்னேன். டார்ச்சை வேகமாக ஓட்டச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தோம். வரி பொடிசாக, பளபளவென்று, பார்க்க அவ்வளவு அழகு. சூசை அண்ணாச்சி முகமூடியைத் தூக்கிவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

வியாழக்கிழமை சோதனைக்கூடத்துக்குப் போக வேண்டும். பச்சைப் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன். மற்றதெல்லாம் அழுக்கு.

ஏப்ரல் 23, வியாழன்

உடைந்துவிட்டது.

துண்டை அழுத்தி வளைக்கிற இயந்திரத்தில் வைத்தார் ஞானதுரை. பாதி வளைவதற்குள் டப்பென்று சத்தம். நடுவில் வெல்டிங்கிலேயே இரண்டாகப் போயிற்று. இன்னொன்று வைத்தார். அதுவும். சூசை அண்ணாச்சியையும் கூட்டிப் போயிருந்தேன். அவர் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

மைக்ராஸ்கோப்பில் அந்தப் பொடி ஒன்றுகூட இல்லை. ஆனால் வெள்ளையும் இல்லை. எல்லாம் பழுப்பு. பெரிய பெரிய பழுப்புக் கட்டிகள், ஓரத்தில் மட்டும் நூலாக வெள்ளை.

"அப்ப அன்னைக்குச் சூடு கூடிப்போச்சு. இன்னைக்குச் சூடு பத்தல" என்றேன்.

"ஆமா. உருகுன எஃகு முதல்ல முழுசும் பழுப்பாத்தான் உறையும். ஆறிக்கிட்டே வரும்போதுதான் வெள்ளை மொளைக்கும். நீங்க ஈரத்துணிய வச்சுச் சட்டுனு ஆத்திட்டீங்க. வெள்ளைக்கு வளர நேரமே இல்ல."

எனக்கு அழுகை வந்தது. ஊரே லாரிக்குக் காத்துக்கிடக்கிறது, நான் ஈரத்துணியால் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஞானதுரை ஜன்னல் பக்கம் போய் அமில பாட்டில்களை அடுக்கினார். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

பிறகு திரும்பி, "மேல ஒரு எல்லை தெரிஞ்சு போச்சு, கீழ ஒரு எல்லை தெரிஞ்சு போச்சு. இனி நடுவுலதான தேடணும்? போன வாரத்த விட இப்ப நமக்கு நெறைய தெரியும்" என்றார்.

நமக்கு என்று சொன்னார்.

ஏப்ரல் 24, வெள்ளி

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சூசை அண்ணாச்சி, "நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார். நேற்று எழுத விட்டுப்போனது.

ஏப்ரல் 28, செவ்வாய்

நான்கு நாளாக இதே வேலை. இரண்டு எல்லைக்கும் நடுவில் மூன்று கரண்ட் அளவுகளை வைத்துத் துண்டுகள் போட்டோம். ஈரத்துணி கிடையாது. தானாகக் காற்றில் ஆற வேண்டும். ஆனால் அடுத்த சுற்றுப் போடுவதற்கு முன் நூற்றைம்பது டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். சூடு பார்க்கிற கன்னை ஞானதுரை கடனாகக் கொடுத்திருக்கிறார். அதைக் குழாயின் பக்கம் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். பேச நிறைய நேரம் கிடைத்தது. அவர் மகள் நர்சிங் படிக்கிறாள். அவருக்கு ஆழக்கடல் என்றால் இப்போதும் கனவில் வருமாம்.

"இப்பிடிக் காத்துக்கிட்டு இருந்தா ஒரு நாளைக்கு ரெண்டு இணைப்புத்தான் முடியும் மேடம்."

"ரெண்டு போதும் அண்ணாச்சி."

குழாயின் உட்பக்கமும் ஆர்கான் கேஸ் நிரப்பித்தான் போட்டோம். கடல் காற்று உள்ளே புகுந்துவிடாதபடி இரண்டு வாயையும் தாள் ஒட்டி மூடினார் அண்ணாச்சி. அந்த யோசனை அவருடையது. கல்யாணப் பாயசப் பானையை மூடுகிற மாதிரி அத்தனை கவனமாக.

மே 4, திங்கள்

வளைந்தது!

நடு அளவுத் துண்டு முழுதாக வளைந்து, இரண்டு காலும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி நின்றது. வெளிவளைவில் விரலை வைத்துத் தடவினேன். ஒரு கீறல் இல்லை. இன்னொரு துண்டை இழுத்துப் பார்க்கிற இயந்திரத்தில் ஞானதுரை மாட்டினார். முள் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் அறுந்தது. வெல்டிங்கில் இல்லை, அதற்கு இரண்டு விரல் தள்ளிக் குழாயில். ஒட்டுப்போட்ட இடம் குழாயைவிட உறுதியாக இருக்கிறது.

மைக்ராஸ்கோப்பில் முதலில் சூசை அண்ணாச்சியைப் பார்க்கச் சொன்னோம். நீண்ட நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"பழுப்பும் வெள்ளையும் சரிக்குச் சரியா இருக்கு. இது நான் போட்டதா?"

"நீங்க போட்டதுதான்" என்றார் ஞானதுரை.

"என் வீட்டுக்காரிட்ட காட்டணும். இதுக்கு போட்டோ எடுக்க முடியுமா சார்?"

எடுத்துக் கொடுத்தார். எனக்கும் ஒன்று.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். குரல் நன்றாக இருக்கிறதே, என்ன விசேஷம் என்றாள். எஃகு வளைந்தது என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

மே 6, புதன்

உடைந்த துண்டு ஒன்று, வளைந்த துண்டு ஒன்று, இவற்றோடு ஆலையில் பழைய முறையில் போட்டிருந்த ஒரு முழு இணைப்பையும் அறுத்து வரதன் சாருக்குக் கூரியரில் அனுப்பினேன். குஜராத் பற்றியும் ஒரு வரி எழுதினேன்: இந்த வேலை முடியாமல் நான் எங்கேயும் போவதாக இல்லை.

மே 7, வியாழன்

லாரி இன்று வரவேயில்லை. பெண்கள் பத்துப் பதினைந்து பேர் ஆலை வாசலுக்கு வந்துவிட்டார்கள். பூட்டைத் திற என்றார்கள். ஒருத்தி கதவை உலுக்கினாள். உள்ளே போய் மேஜையில் இருந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"இது பழைய வெல்டிங். இது புதுசு. நீங்களே பாருங்க."

பழைய துண்டை வாசலோரம் இருந்த வைஸ் இடுக்கியில் இறுக்கிச் சுத்தியலைப் பிலோமி அக்காவிடம் நீட்டினேன். அவரைத்தான் எனக்குத் தெரியும். ஒரே அடி, முறிந்து கீழே விழுந்தது. புதியதை மாட்டினேன். அடித்தார், அடித்தார், அது மெல்ல வளைந்ததே தவிர விடவில்லை. மூச்சு வாங்க நிறுத்தினார்.

"இந்த ஒடயிறத வச்சா எங்களுக்கு இத்தன நாளாத் தண்ணி விட்டிய?" என்றார்.

"ஆமா அக்கா. தெரியாம."

"பக்கத்துல ஆளு நின்னா?"

"சூசை அண்ணாச்சி நின்னார். தோளோட போச்சு."

கூட்டத்தில் அண்ணாச்சியின் மனைவியும் இருந்தார். பிலோமி அக்கா சுத்தியலை என் கையில் கொடுத்துவிட்டு அவர்களைப் பார்த்துத் திரும்பினார். "பிள்ள ஒழுங்காச் செய்யட்டும். லாரிக்காரன வரச் சொல்லுததுக்கு நாம கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். வாங்கட்டி."

போனார்கள். சாயங்காலமே லாரி வந்தது, இரண்டு. இரவு மாடிக்குச் சாளைமீன் குழம்பும் வந்தது.

மே 9, சனி

காலையில் வரதன் சார்.

"நீங்க அனுப்பினதை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போய் நானே சுத்தியலால அடிச்சுப் பாத்தேன். முப்பது வருஷம் முன்னாடி நானும் டார்ச் பிடிச்சவன்தான் உலகம்மை. பழைய இணைப்பு ஒரே அடியில போயிடுச்சு. எல்லாத்தையும் வெட்டுங்க. புதுக் குழாய் நாளைக்குக் கிளம்பும். வெல்டரும் அவரே இருக்கட்டும்."

குஜராத் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மே 15, வெள்ளி

வெட்டு, ஒட்டு, காத்திரு. கன்னைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலிக்கிறது. இன்று சந்தேகம் கேட்க ஞானதுரைக்குப் போன் செய்தேன். சந்தேகம் தீர்ந்த பிறகு சாம்பாருக்குப் பருப்பை எப்போது போடுவது என்று அவர் கேட்டார். அதற்கும் நேரம் ஆயிற்று.

பிலோமி அக்கா கீழிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "அந்த இரும்பு வாத்தியாரா?" என்றார். எஃகு என்று திருத்தினேன். "ரொம்ப முக்கியம்" என்றார்.

மே 20, புதன்

அழுத்தச் சோதனை. வழக்கமாக ஓடுவதைவிட ஒன்றரை மடங்கு ஏற்றினோம். எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டு நானும் அண்ணாச்சியும் தடுப்புக்குப் பின்னால் நின்று முள்ளைப் பார்த்தோம். முள் அசையவில்லை. அரை மணி நேரம். அதன் பிறகும் அண்ணாச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. அழுத்தத்தை இறக்கியதும் உள்ளே போய் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த கையால் தடவிப் பார்த்தார். கை காய்ந்தே இருந்தது. உள்ளங்கையை என் பக்கம் விரித்துக் காட்டினார்.

பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மே 21, வியாழன்

தண்ணீர் வந்துவிட்டது. தெருவெல்லாம் ஈரம். ஒரு குழந்தை குழாயடியில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, அதன் அம்மாவும் அதட்டவில்லை.

மே 24, ஞாயிறு

பத்து மணி பஸ்ஸில் ஞானதுரை வந்தார். சொல்லாமல் வந்தார். ஆலையைச் சுற்றிக் காட்டினேன். ஒவ்வொரு வெல்டிங்காக நின்று நின்று பார்த்தார். பிலோமி அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, மீன் வாங்கப் போவதாகச் சொல்லிப் போனார்.

"கன்னை வாங்க வந்தீங்களா சார்? நானே கொண்டாந்து தந்திருப்பேனே."

"கன் இருக்கட்டும்."

"டெஸ்ட் பண்ணவும் இனி துண்டு ஒண்ணும் இல்ல."

"அதத்தான் நானும் ரெண்டு நாளா யோசிச்சேன். துண்டெல்லாம் முடிஞ்சு போச்சே, இனி என்ன காரணம் சொல்லிப் போறதுன்னு. ஒண்ணும் கெடைக்கல. சும்மாவே வந்துட்டேன்." செம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னார். "பெயர் சொல்லிக் கூப்பிட்டாப் போதும். சார் வேண்டாம்."

மதியம் பிலோமி அக்கா வீட்டில் சாப்பாடு. பிறகு கடற்கரை. ஞானதுரை தனக்கு முன்பு திருமணம் நிச்சயமாகி நின்றுபோனதைச் சொன்னார். நான் என் ஆறு வருஷத்தைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் அவ்வளவு நீளமாகச் சொன்னதில்லை. அவர் நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.

தூத்துக்குடி போகும் நான்கு மணி பஸ் போயிற்று. ஆறு மணி பஸ்ஸும் போயிற்று. இரண்டையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.